பத்தாயிரத்து நானூற்று மூன்று

நூலகச் சுவரில் ஒட்டவேண்டிய நீலக் கண்ணாடிச் சில்லுகளை மேஸ்திரியும் அவளுடைய நாத்தனாரும் மூன்று நாளாகத் தரையில் அடுக்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு நூற்றிரண்டு, மொத்தம் நூற்றிரண்டு வரிசை. பத்தாயிரத்து நானூற்று நான்கு சில்லுகளும் இம்மி பிசகாமல் ஒரே சதுரமாக உட்கார்ந்துவிடும்.

கடைசிச் சில்லை மூலையில் வைக்கப்போன நாத்தனாருக்குப் பாழாய்ப்போன தும்மல் வந்தது. சில்லு கைநழுவித் தூள்தூளானது.

"போச்சு அண்ணி!"

அந்த நீலம் செய்த ஆலையை மூடிப் பல வருஷமாகிறது. இருக்கிற சில்லு அத்தனையும் சுவரில் ஏற வேண்டும், இடையில் ஓட்டையும் ஓரத்தில் மூளியும் கூடாது என்று நூலகர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"அடியில ஒரு வரிசை, பக்கத்துல ஒரு வரிசை எடுத்துட்டா?" என்றாள் நாத்தனார்.

"இருநூத்திரெண்டு சில்லு மிஞ்சும். எங்க கொண்டுபோய் வைக்க?"

நாத்தனார் செல்போனை எடுத்து வகுக்க ஆரம்பித்தாள். "ஏழால வகுத்தா ஒண்ணு மிஞ்சுது. பதிமூணால மூணு மிஞ்சுது. வேணும்னே வம்பு பண்ணுது!" தொண்ணூற்றொன்பது வரைக்கும் முட்டி மோதிவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

மேஸ்திரியின் கண் அந்த வெற்று மூலையை விட்டு நகரவில்லை. கடைசி வரிசையில் நூற்றொரு சில்லு. அதற்கு மேலே முழுசாக நூற்றொரு வரிசை.

"அடியே, இதைப் பிரிச்சுக் குடு!"

கடைசி வரிசையைக் கலைத்து, மேலே இருந்த ஒவ்வொரு வரிசையின் நுனியிலும் ஒரு சில்லு வைத்துக்கொண்டே போனார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. நூற்றொரு வரிசை, வரிசைக்கு நூற்றுமூன்று.

"அட! இன்னும் ரெண்டே ரெண்டு தாண்டி வகுத்திருந்தா நானே பிடிச்சிருப்பேன்!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்நேரம் நூலகர் வந்தார். டேப்பை விரித்து அளந்தார். "சதுரம்னுதானே சொன்னீங்க?"

நடந்ததை மறைக்காமல் சொன்னாள் மேஸ்திரி. "சதுரத்துல ஒண்ணு குறைஞ்சா, உயரம் ஒண்ணு குறைஞ்சு அகலம் ஒண்ணு கூடிடுதுங்க."

"வேற அளவுல அடுக்கலாமே?"

"முடியாதுங்க," என்று முந்திக்கொண்டாள் நாத்தனார். "நூத்தியொண்ணும் எதாலயும் வகுபடாது, நூத்திமூணும் வகுபடாது. இதை விட்டா ஒத்தை வரிசைதான். அதுக்குத் தெருக்கோடி வரைக்கும் சுவர் வேணும்."

நூலகர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒட்டுங்க, ஒட்டுங்க." ஆனாலும் மனசு கேட்காமல், தானே ஒரு வரிசையை எண்ணிப்பார்க்க மண்டியிட்டார். அறுபதில் கணக்குத் தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். மேஸ்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பசை கலக்கப் போனாள்.