தெற்குப் பக்கம்

கயிற்றின் ஒரு முனையைச் சமையலறைச் சுவரில் வைத்து, மறுமுனையை மதிலுக்கு இழுத்துப் பார்த்தார் பிரபாகரன். செத்தவர்களை வீட்டின் தெற்குப் பக்கத்திலேயே எரிப்பது அந்த ஊர் வழக்கம்; எந்தச் சாவு வீடானாலும் சிதைக்கு இடம் அளப்பவர் அவர்தான்.

"ரெண்டடிகூட இல்ல, சசி. இங்க எங்க மாங்கட்டை அடுக்க? பேசாம டவுன் சுடுகாட்டுக்கே கொண்டுபோயிடலாம்."

சசீந்திரன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளே விளக்கடியில் அம்மாவின் உடல் கிடந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் அச்சனை எரித்தது இந்தத் தெற்குப் பக்கத்தில்தான். புருஷன் பக்கத்திலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அச்சன் எரிந்த மண்ணின்மேல் இப்போது கேஸ் அடுப்பு இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் சமையலறையை மதில் பக்கம் இழுத்துக் கட்டியபோது, அடுத்த வீட்டு வர்க்கிச் சேட்டன் வந்து நின்றார்.

"சட்டப்படி விடவேண்டிய எடத்த விட்டுக் கட்டு மோனே."

"என் மண்ணுல நான் கட்டுறேன். உங்களுக்கு ஏன் வலிக்குது?"

அவர் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார். சசீந்திரன் ஆளைப் பிடித்துக் காகிதத்தைச் சரிக்கட்டினான். அன்றோடு பேச்சு நின்றது.

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அப்போ எனக்கு எடம் எங்கடா?"

"இப்பவே கெளம்பிட்டியா அம்மே?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சமையலறையில் மூன்று ஓணத்துக்குப் பாயசம் கிண்டினாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது மதிலுக்கு மேல் வர்க்கிச் சேட்டனின் நரைத்த தலை தெரிந்தது.

"பிரபாகரா, இந்தப் பக்கம் வந்து அளந்து பாரு. மதிலை ஒட்டியே வைக்கலாம். மாதவியேச்சிக்கும் அவங்க புருஷனுக்கும் நடுவுல கொஞ்சம் கல்லுதான் இருக்கும்."

"உங்க மண்ணுலயா சேட்டா? சர்ச்சுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னா கேட்டுக்கறேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பத்து நாள் ஏச்சியோட கஞ்சி இந்த மதிலுக்கு மேலதான் வந்துச்சு. இவனுக்குத் தெரியாது."

"சேட்டா..." என்றான் சசீந்திரன்.

"போ. போய் அம்மா பக்கத்துல உக்காரு."

அவன் உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு அவருடைய படலைத் திறந்து போனான். மதிலோரம் சிதைக்கு இடம் ஒழிக்க அவர் மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இன்னும் கிழங்கு பிடிக்கவில்லை; வேர்கள் விரல் பருமனில் வெள்ளையாக இருந்தன. சசீந்திரன் குனிந்து ஒரு செடியைப் பிடித்தான். அவர் நிமிராமல் சற்றே நகர்ந்துகொண்டார்.