தோள்மேல் எழுதிய தூக்கம்

சாவோ பாவ்லோவின் பின்னேரோஸ் பக்கத்தில் இருந்த அந்த ஓவியக் கூடத்தில் சுவருக்குக்கூட ஏ.சி. போட்டிருந்தார்கள். ஐந்து மீட்டர் உயரச் சுவர், பளிச்சென்று வெள்ளை. அதன் முன்னால் நான்கு நாட்களாக ஜுசாரா ரோலரும் கறுப்புப் பெயிண்டுமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். ஏணியில் ஏறுவாள், எழுதுவாள், இறங்கிப் பார்ப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள். கூடத்து ஆள் ஒருவர் வந்து மறுபடி வெள்ளை அடித்துவிட்டுப் போவார். இன்று வியாழன். சனிக்கிழமை திறப்பு விழா.

பதினோரு வருடம் ஊரார் சுவர்களில் திருட்டுத்தனமாக எழுதியவளுக்கு, கூப்பிட்டுக் கொடுத்த சுவரில் எழுத வரவில்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? எழுதுவது என்னவோ ஒரே சொல்தான். சோனோ. தூக்கம். அவர்கள் பாஷையில் நாலே எழுத்து, ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு ஒல்லியாக. ஊர்க்கோடியில் இருக்கும் கிரஜாவூவிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பும் முதல் பஸ்ஸில், கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியபடியே வேலைக்குப் போகிற சனங்களுக்காக எழுதியது. அவள் அம்மாவும் அதே பஸ்தான், கூட்டாளி ரோசில்டாவின் அம்மாவும் அதே பஸ்தான். பாதி வழியில் கண் விழிக்கும்போது எதிரே தூக்கம் என்று எழுதியிருந்தால், இன்னும் கொஞ்சம் தூங்கிக்கோ என்று யாரோ சொன்ன மாதிரி இருக்குமல்லவா.

அந்தச் சுவர்களுக்கெல்லாம் ரோசில்டாதான் ஏணி. சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குந்துவாள். ஜுசாரா அவள் தோள்களில் ஏறி நிற்பாள். ரொட்டிக் கடையில் மாவு மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு, மெல்ல எழுந்து நிற்கும். எழுதி முடித்ததும் ஜுசாரா குதித்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஓடிக்கொண்டே ரோசில்டா கேட்பாள், "எப்படிடி வந்துச்சு?" "நாளைக்கு பஸ்ல போறப்ப பாத்துக்கோ" என்பாள் இவள்.

ஒருநாள் பத்திரிகையில் அவர்கள் எழுதுகிற படம் வந்தது. ஜுசாராவின் செருப்போடு படத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்; கீழே நின்ற ரோசில்டா அதில் இல்லை. அதைப் பார்த்துத்தான் கூடத்தின் சொந்தக்காரி டோனா ஹெலோயீசா ஆள் அனுப்பினாள். "உங்க கோட்டுல ஒரு நடுக்கம் இருக்குங்க. மூச்சு விடுற மாதிரி. தனியாவா எழுதறீங்க?" என்று கேட்டாள். ஜுசாரா, "ஆமா, தனியாத்தான்" என்றுவிட்டாள். ஏன் சொன்னாள்? ஆசைதான், வேறென்ன. அன்று முழுக்க வாய் கசந்து கிடந்தது.

இப்போது சக்கரம் வைத்த இரும்பு ஏணியில் நின்று எழுதினால், கோடு செத்துப்போய் வருகிறது. இரும்பு மூச்சு விடுவதில்லை.

மத்தியானம் கிரஜாவூ ரொட்டிக் கடைக்குப் போனாள். கல்லில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த ரோசில்டா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாங்க மேடம். காபி கறுப்பா, பாலோடயா?"

"கிண்டல் பண்ணாத ரோசி. எழுத வரல."

"ஏன், ஏணி குடுத்திருக்காங்களாமே. பசிக்குதுன்னு சொல்லாது, சீக்கிரம் முடிடின்னு திட்டாது. நல்ல ஏணி."

"தனியாத்தான் எழுதறேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்டி."

"தெரியும். பேப்பர்ல போட்டிருந்தான். அந்தப் பேப்பரத்தான் மாவு மூட்டைக்கு அடியில விரிச்சிருக்கேன்." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "பதினோரு வருஷமா நான் என்ன பாத்தேன்னு என்னைக்காவது கேட்டியா? சுவரு. மூக்குக்கு ஒரு விரல் தள்ளி சுவரு. மேல நீ எந்த எழுத்துல இருக்கேன்னு உன் குதிகால வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்."

ஜுசாராவுக்கு அழுகை வந்தது. ரோசில்டா வெண்ணெய் ரொட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"அழுதுட்டே திங்காத, விக்கும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, முடியில் மாவோடு ரோசில்டா கூடத்தில் வந்து நின்றாள். சுவரைத் தடவிப் பார்த்து, "பூச்சு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு பழக்கதோஷம், கைகளை ஊன்றிக் குந்திவிட்டாள். அந்த முதுகை ஜுசாரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எந்திரிடி. இன்னிக்கு நீ ஏறு."

"பைத்தியமா உனக்கு?"

ஜுசாரா, வேலையைப் பார்க்க வந்திருந்த டோனா ஹெலோயீசாவிடம் திரும்பினாள். "உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. மூச்சு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அது இவ மூச்சு."

"நான் உங்க எழுத்துக்காகத்தானே கூப்பிட்டேன்? இவங்க எழுதினா வேற மாதிரில்ல வரும்?"

"வேற மாதிரிதான் வரும். பிடிக்கலேன்னா வெள்ளை அடிச்சிடுங்க. நான் போயிடறேன்."

டோனா ஹெலோயீசா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

ரோசில்டாவின் கால்கள் தோளில் ஏறியபோது ஜுசாராவுக்கு உயிரே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம் வெள்ளைதான், வேறெதுவும் இல்லை. வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மெதுவாகக் கலைய ஆரம்பிக்கிறது. பஸ் கண்ணாடியில் படிந்த மூச்சாகிறது. அதற்குப் பின்னால் யாரோ தூங்குகிறார்கள்; அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பஸ் சத்தமில்லாமல் ஆற்றின் மேலே போகிறது. மேலே ரோலர் எங்கோ தூரத்தில் ஓடுகிறது. கறுப்புச் சொட்டு ஒன்று கன்னத்தில் விழுந்தது. வலது குதிகால் அழுந்தியபோது இரண்டாவது எழுத்து என்று தெரிந்துகொண்டாள். இடது குதிகால் திரும்பியபோது மூன்றாவது. தான் விடுகிற மூச்சு தன் தோள் வழியாக, அந்தக் கால்கள் வழியாக மேலே ஏறிப் போவதை உணர்ந்தாள். தூங்குகிற மாதிரியே இருந்தது, முழங்கால் மட்டும் வெடவெடவென்று ஆடியது.

ரோசில்டா குதித்தாள். குதித்தவள் ஜுசாராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓட வேண்டியதில்லை என்று கால்களுக்கு யார் சொல்வது? காவல்காரர் மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தார். இரண்டு தெரு தாண்டி பஸ் நிறுத்தத்தில்தான் நின்றார்கள், சிரிப்பு அடங்கவில்லை.

"எப்படிடி வந்துச்சு?" என்று ஜுசாரா மூச்சிரைக்கக் கேட்டாள்.

"நாளைக்கு பஸ்ல போறப்ப..." என்று தொடங்கிய ரோசில்டா நிறுத்திக்கொண்டாள். கூடத்துக்குள்ளே இருக்கிற அந்தச் சுவர் பக்கம் எந்த பஸ்ஸும் போகாது.



"நம்ம அம்மாங்கள நாளைக்குக் கூட்டிட்டு வந்துடுவோம்" என்றாள் ஜுசாரா. "உள்ள வர்றதுக்கு அவங்க என்ன உத்தரவு கேக்கணுமா?"

ரோசில்டா தலையாட்டினாள். அப்போதுதான் ஜுசாராவின் சட்டையைக் கவனித்தாள். இரண்டு தோளிலும் செருப்புத் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. ஒன்றின் மேல் மெல்லக் கை வைத்தாள்.

"வலிக்குதா?"

பதினோரு வருடத்தில் ஜுசாரா ஒரு தடவைகூட அவளிடம் கேட்காத கேள்வி.

"வலிக்குதுடி" என்றாள்.