அரைமணி நேரப் பாட்டு

ஒஸ்லோவின் குருன்லாந்து வட்டாரத்தில் ஆப்ரோபீட் என்ற ஆப்பிரிக்க இசை நிகழ்ச்சி நடைபெற்ற மண்டபத்தில், ஒவ்வொரு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையும் இறந்தவர்களும் ஆடினார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த சாக்சபோன் கலைஞர் ஒருவர் 2003இல் அந்நிகழ்ச்சியைத் தொடங்கியதிலிருந்தே அது வழக்கம். ஆடுபவருக்கு எதிரே அவர் இழந்தவர் வந்து நிற்பார். பாட்டு முடிந்ததும் போய்விடுவார். உட்கார்ந்திருப்பவர்களிடம் எவரும் வருவதில்லை. அந்த இசையில் ஒரு பாட்டு அரைமணி நேரம் நீளும். ஆகவே, நகரில் வேறு இசைகள் வந்து மறைந்தபோதும் அங்கே கூட்டம் குறையவில்லை.

சிறிதேவியின் கணவர் பரமநாதன், தம் தாயை அழைத்துவர 2006இல் ஒஸ்லோவிலிருந்து இலங்கையின் கிளிநொச்சிக்குச் சென்றார், போரில் பாதை மூடப்பட்டு அங்கேயே சிக்கிக்கொண்டார். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னும் அவரைப் பற்றிய செய்தி வரவில்லை. அந்தக் கோடையில் மகள் மிதுனா தாயை மண்டபத்துக்கு அழைத்துச் சென்றாள். சிறிதேவி மேலங்கியைக் கழற்றாமல் சுவரோரக் கதிரையில் அமர்ந்தார். ஒருதடவை எழுந்து ஆடிப் பார்க்குமாறு மகள் கெஞ்சினாள்.

“நான் ஆடாத வரைக்கும் அவர் உயிரோடை இருக்கிறார்,” என்றார் சிறிதேவி.

மாதந்தோறும் வந்தார், மாதந்தோறும் அமர்ந்தே இருந்தார். எதிரே கொங்கோ நாட்டுப் பெண் ஒருத்தி இறந்துபோன தன் பிள்ளைகளோடு ஆடுவதைப் பார்த்தார். செப்டெம்பரில், ஒஸ்லோவுக்கு அருகே லில்லெஸ்ட்ரோமில் வசித்த பரமநாதனின் தங்கை இந்திரா வீட்டுக்கு வந்து, இறந்தவருக்குரிய அந்தியேட்டிக் கிரியை செய்தாக வேண்டும் என்றார். இறந்த திதி தெரியாமல் அதைச் செய்ய ஐயர் உடன்படவில்லை. வாக்குவாதம் நீண்டு, சிறிதேவியின் நெற்றிப் பொட்டுவரை சென்றது.

“உங்கடை பொட்டு உங்களோடை இருக்கட்டும், மச்சாள். என்ரை அண்ணை பசியோடை திரிஞ்சால் ஆர் படைக்கிறது?”

 ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, சிறிதேவி மேலங்கியை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு ஆடுதளத்தில் இறங்கினார். ஆடத் தெரியாதவர், கால்களை மாற்றி மாற்றி வைத்தார். பாட்டு சூடு பிடிக்குமுன்பே பரமநாதன் எதிரே நின்றார். மேலில் சட்டை இல்லை. கட்டியிருந்த சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. சிறிதேவி அழவில்லை, கால்களையும் நிறுத்தவில்லை.

“இஞ்சேருங்கோ, எந்த நாள்?”

“வைகாசி. தேய்பிறை அட்டமி.”

பாட்டு முடியும்வரை இருவரும் எதிரெதிரே ஆடினார்கள்.

நவம்பரில் அந்தியேட்டி முறைப்படி நடந்தது. சிறிதேவி பொட்டை அழித்தார். அம்மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையும் மண்டபத்துக்குச் சென்றார். அன்று பனி கொட்டியதால், கணவருக்கென ஒரு கம்பளிச் சட்டையையும் கையோடு எடுத்துச் சென்றார்.