ஒன்று பாக்கி

ஆறு மணிக்குக் கம்பெனி கேப் கிளம்பிவிடும். அதனால் எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. ஆறு மணி ரிசல்ட்டை ஐந்தரைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சங்கமித்ராவும் போட்டுவிட்டாள்: 'புற்றுநோய் செல் பிரியவில்லை. மருந்து வேலை செய்கிறது.'

போட்ட பிறகும் மைக்ராஸ்கோப் திரையைவிட்டு அவள் கண் நகரவில்லை. செல்லின் நடுவே குரோமோசோம்கள் வரிசைகட்டி நின்றன. ஒன்று மட்டும் ஓரத்தில் கிடந்தது. அதையும் இருபுறத்து இழைகள் பிடித்தால்தான் செல் பிரியும், அதுவரை காத்திருக்கும். அந்தப் பிடி விழாமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை.

ஓரத்தில் கிடந்தது அசைந்தது.

"வேணாம், அங்கயே கெட," என்று பல்லைக் கடித்தாள்.

ஒரு பக்கம் இழை பிடித்தது. பிறகு மறுபக்கமும். அது மெல்ல இழுபட்டு வரிசையில் போய்ச் சேர்ந்தது. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வரிசை நடுவில் பிளந்து, பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் விலகின.

டீம் லீடர் ராகேஷ் பையை மாட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம்தானே மித்ரா? ஷீட்ல சைன் ஆயிடுச்சு. விடு, கேப் ஹார்ன் அடிக்குது."

அவள் எழுதியதை அடித்துவிட்டு, 'பிரிந்தது' என்று எழுதினாள்.

"பைத்தியமா உனக்கு? மூணு மாச வேலை!"

"ஒண்ணு பாக்கி இருக்குன்னு கேன்சர் செல்லே காத்துக்கிட்டு இருந்துச்சு சார். நமக்குத்தான் கேப்பைப் பிடிக்கணும்."