சிங்கி இறால் சாறு

மிராசுதார் குஞ்சிதபாதம் தம் உடம்பை முதல் தடவை கழற்றிப் போட்டது குறுவை அறுப்பு முடிந்த மறுவாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கும் முன்பு. பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகில் ஒரு கோடு விழுந்து பிளந்தது. அதன் வழியாக அவர் பின்பக்கமாக நெளிந்து வெளியே வந்து, இளஞ்சிவப்பாக, தொட்டால் குழியும் பதத்தில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். படுக்கையில் இன்னொரு குஞ்சிதபாதம் கிடந்தது. மீசை இருந்தது, தொந்தி மடிப்பு இருந்தது, மோதிரம் அழுந்திய தடம் இருந்தது. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. விரலால் தட்டினால் காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி சத்தம் வந்தது. அந்த வாரம் பேராவூரணிப் பக்கம் தேங்காய் விலை விழுந்திருந்தது. அவர் ஊரான பனையந்துறையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணம் சாறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காய்ச்சியவள் அம்சம். மிராசுதாரின் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். அவள் புருஷன் கண்ணுசாமி அவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவன். இருவரும் குடியிருந்த குடிசை நின்றதும் அவர் மனையில்தான். சாணி அள்ளப் போனவளுக்குச் சிங்கி இறால் எப்படிக் கிடைத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கிடைக்கவில்லை. ஓடுதான் கிடைத்தது. குஞ்சிதபாதம் பரம்பரைச் சைவம். ஆட்சி மாறியதும் அவர் வேட்டிக்குக் கட்சிக் கரை வந்தது. கரை வந்ததும் பகுத்தறிவு வந்தது. பகுத்தறிவு வந்துவிட்டதை ஊருக்குக் காட்ட நாலு பேர் பார்க்க மாமிசம் தின்பது என்று முடிவு செய்தார். ஆட்டுக்கறியை எவனும் தின்கிறான். மிராசுதாரின் பகுத்தறிவு மிராசுதாருக்கு ஏற்றதாக இருக்க வேண்டாமா? கோடியக்கரையில் சிங்கி இறால் வாங்கி ஐஸ் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஹாஜா மைதீன் மரியாதைக்காக அவ்வப்போது ஒரு கூடை அனுப்பினார். முழங்கை நீளம், உடம்பெல்லாம் முள், சாட்டை போல மீசை. சமையல்காரர் அதை அடுப்படிக்குள் விட மறுத்துவிட்டதால் கொள்கை மாட்டுக்கொட்டகையில் வெந்தது. வட்டச் செயலாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாலில் இருந்த சதையை இழுத்துத் தின்றுவிட்டு மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசிவிட்டுப் போவார்கள். மிச்ச ஓட்டை அம்சம் கூடையில் அள்ளிக்கொண்டு போவாள்.

அவள் கைப்பக்குவம் இதுதான். தலையைப் பிளந்து கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மணல் பையையும் செவுளையும் எடுத்துவிட வேண்டும், விட்டால் கசக்கும். காலையும் ஓட்டையும் உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்து, வெறும் மண்சட்டியில் செங்கல் நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர், பிறகு அரிசி கழுவின தண்ணீர். தளதளவென்று கொதிக்கவிட்டால் கலங்கிப்போகும். சட்டி முனகிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய சேலைத் துணியில் வடித்தால் கடைசியில் ஒரு சட்டிக்கு அரைச்சட்டி தேறும். சேரியில் அதைச் சோற்றில் ஊற்றித் தின்றார்கள். யாருக்கும் எதுவும் கழலவில்லை.

அப்போதுதான் ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது என்று சட்டம் வந்தது. குஞ்சிதபாதம் அதை மேடையில் வரவேற்றுப் பேசினார், மாலை வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு வந்து படுத்தார். எழவில்லை. கஞ்சி தங்கவில்லை, கஷாயம் தங்கவில்லை. டவுன் டாக்டர் இது வயிற்று நோய் என்றார், வைத்தியர் வாயு என்றார், கண்ணுசாமி இது ஏக்கர் என்றான். இப்படி இருக்கையில் ஒரு நாள் கிழக்கிலிருந்து அடித்த காற்றில் சேரிச் சட்டியின் வாசனை மாடிவரை ஏறி, மிராசுதார் கண்ணைத் திறந்து, அது என்ன என்று கேட்டார். காரியக்காரர் சிங்காரவேலு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு அம்சத்தின் வாசலில் வந்து நின்றார்.

"ஏ அம்சம், அந்தச் சாத்த ஒரு செம்பு ஐயாவுக்கு ஊத்து."

"எங்க சட்டியிலேர்ந்தா?"

"கட்சியில சமத்துவம்னு தீர்மானமே போட்டாச்சு. சட்டிய மட்டும் கொல்லைப் பக்கம் வையி. ஐயா எழுந்துட்டா மேலக்கரை மூணு மா உங்களுக்குத்தான்னு சொல்லச் சொன்னாரு."

மேலக்கரை மூணு மா என்பது ஒரு ஏக்கர். கண்ணுசாமி கருவையை வேரோடு பிடுங்கி, உப்புப் பூத்த மண்ணைச் சுரண்டி, வாய்க்காலிலிருந்து வண்டல் சுமந்து போட்டு வயலாக்கியது. சங்கத்துத் தோழர்கள் செங்கொடியோடு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: சட்டப்படி அது உபரி நிலம், உழுகிறவனுக்குத்தான் வரும், பொறுமையாக இருங்கள் என்று. அம்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சட்டம் ஜெயித்தாலும் நிலம் வரும். மிராசுதார் பிழைத்தாலும் நிலம் வரும். இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிற வீட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஊற்றினாள்.

அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டவர்கள் குடிசையோடு எரிந்துபோன புகை பக்கத்துத் தாலுக்காவில் இன்னும் அடங்காத காலம் அது. அந்தக் காலத்திலும் ஒருத்தி இப்படி நம்பினாள் என்பதையும் எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

சாறு குடித்த குஞ்சிதபாதம் எழுந்தார், சாப்பிட்டார், பெருத்தார், கழற்றினார். முதல் கூட்டைக் குப்பையில் போட மனசு வராமல் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் துண்டு போட்டார்கள். அன்று மனு கொடுக்க வந்தவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் மிராசுதார் இன்னும் இறுகாமல் தொளதொளவென்று படுத்திருந்ததால், ஒன்றியக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க அதையே காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தலைவர் சுருக்கமாகப் பேசினார் என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆளுயர மாலையின் எடையில் அது ஒரு பக்கம் சாய்ந்ததை அடக்கம் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

இரண்டாவது கூடு விழுந்த அன்று சிங்காரவேலுவுக்கு யோசனை வந்தது. அவர் அதிகம் பேசாதவர். யோசனை வந்தால் வெற்றிலை போடுவார். அன்று நிறைய வெற்றிலை போட்டார். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பெயர் வைத்தார்: சபாபதி, நடனசபாபதி, ஆடலரசன், அம்பலவாணன். எல்லாம் தில்லை நடராசர் பெயர்கள்தான். பெயர் விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் பகுத்தறிவு நுழையவில்லை. ஒவ்வொருவருக்கும் ரேஷன் கார்டு வந்தது, தனிக் குடும்பம் என்று சான்று வந்தது, பதினைந்து ஏக்கர் வந்தது. நிலத்தை விசாரிக்க வந்த அதிகாரி நேர்மையானவர். காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடுகளிடம் ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தபோது அவை உள்ளுக்குள் ஊ என்றன. எழுதிக்கொண்டார். வாசலில் நின்ற கண்ணுசாமி பொறுக்க முடியாமல், "சார், அதுக்கு மூச்சே இல்லைங்க" என்றான். அதிகாரி சட்டப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். "மூச்சு விடணும்னு இதுல எங்கயும் போடலப்பா" என்றார்.

இதற்குள் அம்சத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் ஊற்றுகிற ஒவ்வொரு செம்புக்கும் ஒரு பதினைந்து ஏக்கர் மறைகிறது. ஒரு வாரம் ஓடு கெட்டுப்போயிற்று என்றாள், ஒரு வாரம் கை சுட்டுவிட்டது என்றாள். சிங்காரவேலு குடிசைக் கூரையை ஏற இறங்கப் பார்த்தார். கீற்று பழசாகிவிட்டதே, மழைக்கு முன்னால் பிரித்துவிடலாமா என்று விசாரித்தார். அவ்வளவுதான். சட்டி மறுபடி முனகியது. மிராசுதார் செத்துப்போனால் அவர் சொன்ன வாக்கும் கூடவே போய்விடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. கடைசிக் கூட்டின் பெயரில் மேலக்கரை பதிவான அன்று அவள் காரியக்காரரைப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா குடுத்த வாக்குங்க."

"யாரு இல்லேன்னா? குடுத்தது குஞ்சிதபாதம் ஐயா. நெலம் யாரு பேர்ல இருக்கு? அம்பலவாணன் ஐயா பேர்ல. அடுத்தவரு நெலத்த இவரு எப்படிக் குடுப்பாரு? நீ அவரையில்ல கேக்கணும்."

அம்சம் கூடத்து வாசல்படிக்குக் கீழே நின்று, அம்பலவாணனைக் கைகூப்பிக் கேட்டாள். கேட்டுவிட்டு வெகுநேரம் நின்றாள். அம்பலவாணனின் மூக்கிலிருந்து ஒரு குளவி வெளியே வந்து, அவளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயிற்று.

"யோசிக்கிறாரு" என்றார் சிங்காரவேலு.

நிலமெல்லாம் கூடுகளுக்குள் அடங்கியதும் மிராசுதாருக்குப் பசி நின்றது. சிங்கி இறாலும் நின்றது. மாடியில் மெலிந்து, இறுகி, பழையபடி பருப்புச் சாதம் சாப்பிட்டுக்கொண்டு கட்சிப் பத்திரிகை படித்தார். சேரியில் வேறு பேச்சு ஓடியது. அதை ஆரம்பித்தவன் கண்ணுசாமி. "அந்த அதிகாரி ஆளப் பாத்தா நெலம் எழுத மாட்டேங்குறாரு, கூட்டப் பாத்தாத்தான் எழுதுறாரு. நமக்கும் ஒரு கூடு வேணும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை காலம் குடித்தும் கழலாததற்குக் காரணமும் அவனே சொன்னான்: கழல வேண்டுமானால் உள்ளே சதை பெருக வேண்டும், நாம் என்றைக்குப் பெருத்தோம்? ஆகவே ஒருவரை மட்டும் பெருக்க வைப்பது என்று முடிவாயிற்று. அம்சத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வந்தது. ஹாஜா மைதீன் கிடங்கின் பின்பக்கம் கொட்டுகிற தலைகளைப் பொறுக்க ரெத்தினமும் தங்கம்மாளும் கோடியக்கரைக்கு நடந்தார்கள். முதல் வடிசல் முழுக்க அம்சத்துக்கு. மிச்ச சக்கையில் தண்ணீர் ஊற்றி மற்றவர்கள் குடித்தார்கள். மற்றவர்கள் குச்சியாக, அம்சத்துக்குக் கன்னம் வந்தது.

"எலே கண்ணுசாமி, ஒம் பொண்டாட்டி மிராசுதாரிச்சி மாதிரி ஆயிட்டாளே" என்று ரெத்தினம் கேலி செய்தான். அவன் விலா எலும்பை எண்ணலாம்.

"தின்னத் தின்னக் கூசுதுய்யா" என்றாள் அம்சம். "ராசம்மா புள்ள என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிது."

"தின்னு. நெலம் வந்தா அதுக்கும் சேத்துத்தான்" என்றான் கண்ணுசாமி.

சம்பா நடவு தொடங்கிய ஆவணியில் ஒரு விடியற்காலை அம்சத்தின் முதுகு பிளந்தது. அவள் வெளியே வந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பாய் காலியாக இருந்தது. மிராசுதாரின் கூடுகள் கழன்ற இடத்திலேயே உட்கார்ந்து பழகியவை. இது எழுந்து, சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மேலக்கரைக்குப் போய் நாற்றுமுடியைப் பிரித்து நட ஆரம்பித்திருந்தது. பழக்கம் சதையில் இல்லை, மேல்தோலில்தான் இருந்திருக்கிறது போலும். கண்ணுசாமி ஓடிப்போய் அதன் கையைப் பிடித்து இழுத்தான். அதிகாரியிடம் காட்ட வேண்டுமே. கை வரவில்லை. அது குனிந்த தலை நிமிராமல் அடுத்த நாற்றை ஊன்றியது. அதிகாரியே ஜீப்பில் அந்த வழியாக வந்தார்; பார்த்தார்; "வேலை செய்யறதுன்னா அது கூலியாள். கூலியாளுக்கு நான் என்ன எழுதறது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்ததும் சிங்காரவேலு களத்தில் கூலி அளந்தார். கூட்டுக்கு அரைக் கூலி. அது சாப்பிடுவதில்லை என்பதால் பாதி போதும் என்றார். அம்சம் மூன்று வாரம் வெயிலில் நிற்க முடியாமல் குடிசைக்குள் கிடந்தாள். கூடு கொண்டுவந்த நெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சினாள். தோல் இறுகியதும் அவளும் வேலைக்குப் போனாள். காரியக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அம்சம் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஆள் வயலில் நிற்கிறது, ஒரு பெயருக்கு ஒரு கூலிதான், வேண்டுமானால் இரண்டும் பாதி பாதியாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த போகத்துக்குள் அரிசி கொடுத்தவர்கள் எல்லோருக்கும், சக்கைத் தண்ணீர் குடித்தவர்களுக்கும்கூட, ஒவ்வொன்றாகக் கழன்றது. பசியில் தோல் தளர்ந்தாலும் கழலும் என்று அப்போதுதான் தெரிந்தது. பனையந்துறையில் நடவாட்கள் இரட்டிப்பானார்கள். மகசூல் கூடியதற்கு மிராசுதாருக்கு மாவட்டப் பரிசு கிடைத்தது. மேடை ஏறி வாங்கியது சபாபதி.

இப்போது மேலக்கரையில் இரண்டு அம்சங்கள் பக்கத்துப் பக்கத்தில் நடுகிறார்கள். ஒன்றுக்கு இடுப்பு வலிப்பதில்லை. மற்றவள் நடுநடுவே நிமிர்ந்து முதுகில் கையை வைத்துக்கொள்கிறாள். வரப்பிலிருந்து சிங்காரவேலு, "ஏ அம்சம், அத மாதிரி நடு" என்று சத்தம் போடுகிறார். அவள் குனிந்து, பக்கத்துக் கை போகிற வேகத்தைப் பார்த்து, தன் கையை அதற்குச் சேர்த்துக்கொள்கிறாள்.