வாயை மூடாத ஆறு ஃபோன்கள்

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஒரே ஓர் அறை. அங்கே அக்காவும் அவள் கணவரும் அவள் தம்பியும் சேர்ந்து அந்த டாக்டருக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். நோயாளியின் முறை வந்ததும் அவர் ஃபோன், "பயப்படாதீங்க, உள்ள வாங்க" என்று ஒருமுறை இனிமையாகச் சொல்ல வேண்டும். எழுதுவது ஆண்கள் இருவரின் வேலை. சோதித்துக் குறை சொல்வது அக்காவின் வேலை. அதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பயிற்சி.

செவ்வாய்க்கிழமை காலை சோதனை தொடங்கவே இல்லை. குரலுக்காகக் கணவர் ஒரு லைப்ரரியைச் சேர்த்திருந்தார். யாரோ எழுதிவைத்த நிரல் மூட்டை. அதற்கு இன்னொரு குட்டி லைப்ரரியின் மூன்றாம் பதிப்பு வேண்டும். செயலியைத் தானாகச் சோதிக்கும் நிரல்களுக்காகத் தம்பி சேர்த்த லைப்ரரியோ, அதே குட்டியின் இரண்டாம் பதிப்போடுதான் குடித்தனம் நடத்தும். செயலிக்குள் ஒரு பதிப்புக்குத்தான் இடம்.

"மாப்ளே, காலம் மாறிடுச்சு. இன்னும் ரெண்டையே கட்டிக்கிட்டு அழறியே."

"மாமா, நீங்க போன வாரம் சேர்த்தீங்க. என்னோடது ஆறு மாசமா இங்க இருக்கு."

"பஸ்ல சீட்டு பிடிச்ச மாதிரி பேசாதே!"

காது வலித்த அக்கா, "முதல்ல ஓடட்டும்" என்று இரண்டாம் பதிப்பையே கட்டாயமாக்கினாள். செயலி ஓடியது. மேஜையில் ஆறு ஃபோன்களை வரிசையாக வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"பயப்படாதீங்க, உள்ள வாங்க" என்று ஆறும் கோரஸாகச் சொல்லின. மறுபடியும் சொல்லின. சொல்லிக்கொண்டே இருந்தன. குரலை நிறுத்தும் கட்டளை மூன்றாம் பதிப்பில்தான் இருந்தது. கணவர் பதறிப்போய் ஃபோன்களைத் தலையணைக்கடியில் திணித்தார். தம்பி அதன்மேல் உட்கார்ந்தான். அவனுக்கடியிலிருந்து அழைப்பு தொடர்ந்தது.

கையுறையோடு டாக்டர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "பல்லைப் பாதி ராவிக்கிட்டு இருக்கேன், கூரையிலிருந்து யாரோ கூப்பிடுறாங்கன்னு மனுஷன் எழுந்து ஓடிட்டார்மா!"

அக்கா ஒவ்வொரு ஃபோனாக அணைத்தாள். பிறகு எந்த லைப்ரரி எதை அழைத்து வந்தது என்ற முழுப் பட்டியலையும் அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்தாள். நான்காம் பக்கத்தில் விஷயம் அகப்பட்டது. தம்பியின் லைப்ரரிக்கே புதிய பதிப்பு வந்து நாலு மாதமாகிறது; அது குட்டியின் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும்.

"ஏன்டா மாத்தல?"

"மாத்தினா என் பன்னெண்டு சோதனையையும் திருத்தி எழுதணும்க்கா."

கணவர் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க. புதுசு சேர்க்கும்போது எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சிரிப்பு நின்றது. ஆளுக்கு ஆறு சோதனை என்று பிரித்து, இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தாள். முழங்கையால் இடித்துக்கொண்டே எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் தேறின. குரல் ஒருமுறை சொல்லிவிட்டு மரியாதையாக நின்றது.

மறுநாள் டாக்டர் ஃபோன் செய்தார். ஓடிப்போனவர் திரும்பி வரச் சம்மதித்துவிட்டாராம். ஒரே நிபந்தனை: ஃபோன் பேசவே கூடாது, அதிர்ந்தால் போதும்.

கணவர் பெருமூச்சோடு குரல் லைப்ரரியை எடுத்துவிட்டார்.

தம்பி மெல்ல ஆரம்பித்தான். "அப்போ ரெண்டையே வச்சிருந்திருக்கலாம்ல..."

அக்கா ஆறு ஃபோன்களையும் அவன் மடியில் போட்டாள். "ஒவ்வொண்ணும் அதிருதான்னு பார்த்துச் சொல்லு."