இறங்கிப் போன காலை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் இருந்தது அந்த முதியோர் இல்லம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சண்டையால் யாழ்ப்பாணம் திரும்ப முடியாமல் அங்கே தங்கிப்போனவர்களில் அருள்நாயகியும் ஒருவர். இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரை எவரும் நடக்க விடவில்லை. பணிப்பெண்கள் கெட்டவர்களல்ல, ஆனால் தாங்களே தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, ஊட்டியும் விட்டால் வேலை கெதியாக முடிந்துவிடும். போகப்போகக் கரண்டி பிடிக்கவும் அவருக்குக் கை நடுங்கியது.

மாளிகாவத்தையிலிருந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த ஜவாஹிறாதான் அவரை எழுப்பினாள். முதலில் கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்கினார். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எங்காவது குண்டு வெடித்தால் பாதைகளை மூடிவிடுவார்கள், ஜவாஹிறா வரமாட்டாள். அந்த நாட்களில் அருள்நாயகி சலிப்போடு தனியாகவே செய்வார். கடைசியில் குளியலறைக்குத் தானே போய் வந்தார்.

ஒருநாள் காலை இராணுவம் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தது. நடக்கக்கூடியவர்கள் அடையாள அட்டையோடு ரோட்டுக்கு வரவேண்டும், மற்றவர்களை மேலே வந்து பார்ப்பார்கள் என்று இல்லப் பொறுப்பாளர் இரத்தினசிங்கம் வந்து சொன்னார்.

"நீங்கள் படுங்கோ அன்ரி. நடக்க ஏலாது எண்டு நான் சொல்லுறன்."

அருள்நாயகி படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி இருந்தார்.

"ஏலும் தம்பி. ஏலாது எண்டு இனி ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ."

கைப்பிடியைப் பிடித்து, இடையில் படியிலேயே இருந்து களையாறி, ஒருவாறு இறங்கினார். வெயிலில் வரிசை நகரவே இல்லை. நின்றிருந்த ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஏன் கொழும்புக்கு வந்தீர்கள் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் அடுத்தவரிடம் போனான்.

திரும்பப் படியேற அவரால் முடியவில்லை. இரத்தினசிங்கமும் ஓட்டோக்காரரும் கதிரையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். முழங்கால்கள் வீங்கிவிட்டன. இதற்குத்தான் வேண்டாமென்றேன், இனிப் பயிற்சி கிடையாது என்று இரத்தினசிங்கம் கவலையோடுதான் சொன்னார்.

அடுத்த கிழமை, வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் நின்று களைத்துப்போய் வந்த ஜவாஹிறா, கட்டில் ஓரத்தில் அமர்ந்து வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னைக்கி வேணாம் அம்மா. படுங்க."

"படுத்தால் படுத்ததுதான், பிள்ளை. எழும்பி இருக்கவாவது பிடி."

பிடித்து இருத்தினாள். அருள்நாயகி காலை நீட்டப் பார்த்தார், பாதிதான் நீண்டது. வலியில் கண் கலங்கியது. மறுபடி நீட்டினார். இரத்தினசிங்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தடுக்காமல் போனார்.

பிறகு அருள்நாயகி கீழே இறங்கவேயில்லை. குளியலறைக்கு மட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே போய் வந்தார்.